கறுப்புக் கார், போர் தண்ணீர், வட்டக் கோடுகள்: வீட்டிலேயே பாலிஷ் செய்யலாமா?

கேள்வி: 12 மார்ச் 2023

வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கறுப்பு நிறக் கார்; வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிழலில் புதிதாகவே தெரிகிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் சிலந்தி வலைபோல வட்டக் கோடுகள். செராமிக் கோட்டிங் போட்டால் கோடுகள் மறைந்துவிடும், அதன்பின் கீறலே விழாது என்று கடையில் சொல்லி 30,000 ரூபாய் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பாலிஷ் இயந்திரமே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் செய்ய முடியுமா, அல்லது பெயிண்ட்டைக் கெடுத்துக்கொள்வேனா?

12 மார்ச் 2023, இரவு

செய்யலாம். ஆனால் இயந்திரம் வாங்குவதற்கு முன் அந்தக் கோடுகளைப் போட்டது யார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் செய்ததை அடுத்த ஞாயிறுக்குள் மறுபடி இழந்துவிடுவீர்கள்.

முதலில், அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்ணிய நேர்க்கீறல்கள்தாம். வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றி, அந்த ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வளையம்போலத் தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் வளையமும் உங்களுடன் நகர்வதைப் பார்க்கலாம்.

இவற்றில் பெரும்பகுதி துடைப்பதால் வருபவை. பெரும்பாலான குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வந்து, ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்துப் பதினைந்து கார்களைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரின் மண் இரண்டாவது காருக்கும், இரண்டின் மண்ணும் மூன்றாவது காருக்கும் போகும். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கொடுக்கும் மாதத் தொகைக்கு அதற்குமேல் நேரம் செலவிட அவரால் முடியாது. மாதாமாதம் பணம் கொடுத்துக் கீறல் வாங்குகிறோம், அவ்வளவுதான். நான் எங்கள் இடத்தில் துடைப்பவரிடம் பேசி, அதே தொகைக்குக் கண்ணாடிகளையும் சக்கரங்களையும் மட்டும் சுத்தம் செய்தால் போதும், பெயிண்ட்டைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் என்னை விசித்திரமாகப் பார்த்தார். வேலை குறைந்ததில் அவருக்கும் வருத்தம் இல்லை.

கடைக்காரர் சொன்னதில் பாதியும் சரியில்லை. செராமிக் பூச்சு ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். கீழே இருக்கும் கோட்டை அது மறைக்காது, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்ததுபோலக் காட்டும். கோடுகளை நீக்குவது பூச்சுக்கு முன் அவர்கள் செய்யும் பாலிஷ். ஆகவே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒருவருடைய உடலுழைப்புக்கான கூலி, புட்டியில் உள்ள திரவத்தின் விலை அல்ல. அந்த உழைப்பை நீங்களே செய்யத் தயாரா என்பதே உங்கள் முன் உள்ள கேள்வி.

13 மார்ச் 2023

எவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறோம் என்பதை எண்ணில் பார்த்துவிட்டால் கை தானாக நிதானம் பெறும்.

தகட்டின்மேல் முதலில் மின்முறையில் படிய வைக்கும் துரு தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இவை அனைத்தும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாம் பாலிஷ் செய்யும் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான். இது மிகவும் மெலிந்துவிட்டால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளையாகத் தோலுரியத் தொடங்கும். பழைய டாக்சிகளின் கூரைகளில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

பாலிஷ் என்பது எதையும் சேர்ப்பதன்று, தேய்த்து எடுப்பது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தையும் தாழ்த்தினால் கீறல் காணாமல் போகிறது. மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும். காம்பவுண்ட் எனப்படும் சொரசொரப்பு மிகுந்த பாலிஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் சில மைக்ரான்கள் போகும். இது வட்டி வராத வைப்புத்தொகை: எடுக்கலாம், திரும்பப் போட முடியாது.

விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷில் போகாது. அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஓரங்களை மழுக்கிப் பார்வையிலிருந்து குறைக்கலாம், அத்துடன் விட்டுவிடுங்கள்.

13 மார்ச் 2023, சற்று நேரம் கழித்து

பற்பசையைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். பற்பசையில் இருப்பதும் மென்மையான உராய்பொருள்தான் என்பதால் ஒரு சிறு கீறலில் அது ஓரளவு வேலை செய்வது உண்மை. ஆனால் அதன் துகள்களின் அளவு பல்லை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. பெயிண்ட்டுக்கென்றே செய்த பாலிஷ் சிறு டப்பாவில் மலிவாகக் கிடைக்கும்போது காருக்குப் பல் துலக்கிவிட வேண்டிய தேவை இல்லை.

19 மார்ச் 2023

இன்று தண்ணீர். எனக்கு இதுவே பாலிஷைவிட முக்கியமாகப் படுகிறது.

சென்னையின் பெரும்பகுதிக் குடியிருப்புகளில் கார் கழுவக் கிடைப்பது போர் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. கழுவிய காரை வெயிலில் காயவிட்டால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வெள்ளை வட்டங்களாகத் தங்குகிறது. முதலில் அது மேலே ஒட்டிய படிவம். கழுவாமல் வெயிலில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் பெயிண்ட்டையே அரித்துக் குழியாக்குகிறது. கறுப்புக் காரில் இதைப்போல் மனத்தை உறுத்தும் காட்சி வேறில்லை.

இதைவிடக் கேடானது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒன்று. வீட்டு ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை வீணாக்காமல் சேர்த்து வைத்துக் கார் கழுவுபவர்கள் பலர். குடிநீரிலிருந்து நீக்கப்பட்ட உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. மூல நீரைவிட அதன் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதிகம். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம்.

காருக்கு ஏற்ற நீர் உங்கள் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது: ஏ.சி. குழாயிலிருந்து வடியும் நீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராவதால் அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. தூசி இருக்கும், வடிகட்டிக்கொள்ளுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் கோடைகால இரவு ஒன்றில் வாளி நிறையக் கிடைக்கிறது. போர் தண்ணீரில் கழுவி முடித்ததும் இந்த நீரை மேலிருந்து கீழாக ஊற்றிக் கடைசி அலசலாக வைத்துக்கொண்டால் வெள்ளைப் புள்ளித் தொல்லை பெருமளவு தீரும். இதைச் சொன்னதும் என் வீட்டில் கிடைத்த மறுமொழி, "செடிக்கு ஊற்றும் தண்ணீரைக் காருக்குக் கொடுக்கிறீர்களா" என்பது. இப்போது முறை வைத்துப் பங்கிடுகிறோம்.

கழுவும் முறையில் நான் விட்டுக்கொடுக்காதவை இவை. கார் சூடாக இருக்கும்போது தொடுவதில்லை. விடியற்காலை அல்லது மாலை இருட்டும் நேரம். கையோ துணியோ படுமுன் வெறும் நீரால் மண்ணை நனைத்துத் தள்ளிவிட வேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வெறும் நீரில் அலசிவிட்டே ஷாம்பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் துலக்கும் திரவம் பழைய மெழுகையும் சேர்த்து உரித்துவிடும், ஆகவே அது பாலிஷ் செய்யப் போகும் நாளுக்கு மட்டும்.

நீர்க்குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதை நான் சொல்ல மாட்டேன். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில் அது நன்றாக இருக்காது. அலசத் தேவையில்லாத ஷாம்பூ என்று ஒரு வகை கிடைக்கிறது; ஒரு வாளி நீரில் சிறிது கலந்து, பல மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறவைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புதுத் துணி என்று துடைத்துக்கொண்டே போக வேண்டும். அதிலுள்ள வழுக்கும் பொருள் மண்ணைச் சூழ்ந்துகொள்வதால் கீறல் குறைகிறது. முழுக் காருக்கும் பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும். சேறு அப்பியிருந்தால் மட்டும் இது உதவாது.

20 மார்ச் 2023

துணியைப் பற்றி விட்டுவிட்டேன். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி காருக்குள் டேஷ்போர்டு துடைக்க நல்லது, அவ்வளவே. பட்டறைகளில் கிலோக் கணக்கில் வாங்கி வைத்திருக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் தையலும் சில நேரம் பட்டனும் இருக்கும்; அது எண்ணெய்க் கைக்கு, பெயிண்ட்டுக்கு அல்ல. நீண்ட கைப்பிடியில் குஞ்சம் வைத்த தூசி தட்டியைக் காரின் பின்னிருக்கையிலேயே வைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்திலெல்லாம் எடுத்துத் தடவுகிறவர்கள் நம்மில் பலர். கோடு போடுவதில் காலைத் துடைப்புக்கு அடுத்த இடம் அதற்கே. மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவையுங்கள்; பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு ஒட்டும், துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் நீர் உறிஞ்சாது. தரையில் விழுந்த துணி அன்றைக்கு ஓய்வு பெற்றது.

26 மார்ச் 2023

ஏற்கெனவே உள்ள நீர்ப்புள்ளிகளுக்கு என்ன வழி என்று கேட்டவருக்கு: வெள்ளை வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, புள்ளியின்மேல் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து உடனே அலசுங்கள். சுண்ணாம்புப் படிவம் அமிலத்தில் கரையும்.

2 ஏப்ரல் 2023

மேலே சொன்ன வினிகர் குறிப்பைச் சற்றுக் கட்டுப்படுத்த வேண்டும், ஏனென்றால் ஒருவர் நண்பகல் வெயிலில் அதைத் தெளித்துக் காயவிட்டதாக எழுதியிருக்கிறார். குளிர்ந்த தகட்டில், நிழலில், ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். நிலத்தடி நீரில் சிலிக்காவும் உண்டு. அது வினிகருக்கு மசியாது. இரண்டு முறை வைத்தும் புள்ளி போகவில்லையென்றால் ஒன்று அது சிலிக்கா, அல்லது ஏற்கெனவே குழி விழுந்துவிட்டது. இரண்டுக்கும் அடுத்த கட்டம் பாலிஷ்தான், மேலும் வினிகர் அல்ல.

9 ஏப்ரல் 2023

கழுவி முடித்த காரில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்தது இப்போது சொரசொரப்பாகத் தெரியும். கழுவினாலும் போகாமல் பெயிண்ட்டில் பற்றிக்கொண்ட துகள்கள் அவை: தார்ப்புள்ளி, பக்கத்து வீட்டுக் கிரில்லுக்கு அடித்த பெயிண்ட்டின் தூவல், இரும்புத்தூள். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் பாதையை ஒட்டிய நிலையங்களில் நாள் முழுவதும் வண்டியை விட்டுச் செல்பவர்களுக்கு இந்த இரும்புத்தூள் அதிகம்; வெள்ளைக் காரில் காவி நிறப் புள்ளிகளாகத் தெரியும், கறுப்பில் தெரியாமலே இருக்கும். நம் காரின் பிரேக்கிலிருந்தே கொஞ்சம் வருகிறது.

இரும்பு நீக்கி என்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் துகள் இருக்குமிடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வழியும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். நாற்றம் அப்படி இல்லை. பார்க்கிங்கில் அதைத் திறந்த அன்று சாக்கடை அடைத்துக்கொண்டதாகச் செயலாளர் வரைக்கும் புகார் போய்விட்டது. திறந்த வெளியில் செய்யுங்கள், காயவிடாமல் அலசுங்கள்.

எஞ்சியதற்குக் கிளே பார், அதாவது துகள்களைப் பற்றி இழுக்கும் களிமண் போன்ற கட்டி. ஷாம்பூ நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். வறண்ட பரப்பில் தேய்த்தால் அதுவே கீறல் போடும். அழுக்கானால் மடித்துப் புதுப்பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்தால் எறிந்துவிடுங்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்; மண் அதற்குள் புதைந்துவிடும், கழுவி எடுக்க முடியாது. தாருக்கு மட்டும் துணியில் சில துளி மண்ணெண்ணெய் போதும். பிறகு ஷாம்பூவால் கழுவிவிட வேண்டும். கார் முழுவதையும் டீசல் கலந்த நீரால் துடைத்துப் பளபளக்க வைக்கும் பழைய ஓட்டுநர் வழக்கம் ரப்பர் பீடிங்குகளை ஊதவைத்துக் கெடுக்கும், தூசியையும் கூட்டி அழைத்து ஒட்டவைக்கும்.

23 ஏப்ரல் 2023

இயந்திரம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் டியூயல் ஆக்‌ஷன் வகை என்பதால் நிம்மதி. பட்டறைகளில் பயன்படுத்தும் ரோட்டரி ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது. தேர்ந்த கையில் அது விரைவாக வேலை முடிக்கும், புதியவர் கையில் ஓரங்களைச் சூடாக்கிப் பேஸ் கோட் வரை போய்விடும், அல்லது சூரிய ஒளியில் அசையும் நிழல்பட்டைகளை விட்டுச் செல்லும். டியூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே மையம் விலகியும் ஆடுவதால் வெப்பம் ஓரிடத்தில் சேராது. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். அந்த நின்றுவிடும் குணமே அதன் பாதுகாப்பு.

வேலைக்கு முன் பிளாஸ்டிக் விளிம்புகள், ரப்பர், பானெட்டின் கூர்மையான மடிப்புக்கோடுகள் ஆகியவற்றில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மடிப்புகளில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், இயந்திரத்தில் பொருத்தும் மெத்தென்ற வட்டத் திண்டான பேடின் முழு அழுத்தமும் அங்கேதான் விழும்.

முழுக் காரையும் தொடங்கிவிடாதீர்கள். பானெட்டில் ஓரிடத்தில் இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, மென்மையான ஃபோம் பேடும் மென்மையான பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். பட்டாணி அளவில் நான்கைந்து துளிகள். முதலில் இயந்திரத்தை இயக்காமலே பரப்பிவிட்டு, பிறகு நடுத்தர வேகத்தில், இயந்திரத்தின் எடையும் கையின் எடையும் சேர்ந்த அளவு அழுத்தத்தில், முந்தைய தடத்தைப் பாதி மூடியபடி மெதுவாக நகர்த்துங்கள். குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு தடவை. பேடின் பின்தகட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அது சுழல்கிறதா, நின்று அதிர மட்டும் செய்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். சுழலாத பேட் எதையும் நீக்காது. துடைத்துவிட்டு எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் போதுமான அளவு போயிருந்தால் அதுவே முழுக் காருக்கும் உங்கள் முறை. போகாவிட்டால் மட்டும் சற்றுக் கடினமான பேட், அதற்கும் மசியாவிட்டால் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடத்தில் மங்கல் நிற்கும், ஆகவே மென்பாலிஷை மறுபடி ஓட்டித்தான் முடிக்க வேண்டும்.

இங்கே வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லாத ஒன்று: நம் ஊர் வெப்பத்தில் பாலிஷ் விரைவாக வறண்டு பொடியாகிறது. வறண்டபின் தேய்ப்பது வீண். சிறு பரப்பு எடுங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள், பேடை ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பேடில் சேர்ந்த பழைய பெயிண்ட்தூள் புதிய கீறல் போடும்.

ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பானெட் ஒரு காலை, கூரை ஒரு காலை. இடுப்புவலியோடு செய்யும் கடைசிக் கதவில்தான் விபத்து நடக்கும்.

24 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை நிரப்பி மறைக்கும். அன்றைக்கு அழகாக இருந்து, நான்கு தடவை கழுவியதும் கோடுகள் திரும்பிவிட்டன என்று வெளிக்கடைகளில் செய்தவர்கள் புலம்புவது இதனாலேயே. சோதனைப் பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் கலந்து துடைத்தபின் டார்ச் அடியுங்கள். அப்போது தெரிவதே உண்மை நிலை.

7 மே 2023

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பூச்சுகளைப் பற்றிப் பேசப் பொருத்தமான வாரம்.

கார்னௌபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து கிடைப்பது. தாவர மெழுகுகளில் மிகக் கடினமானது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. கேட்பதற்கு நம் வெயிலுக்குப் போதும்போலத் தோன்றும். ஆனால் டப்பாவில் இருப்பது தூய கார்னௌபா அல்ல. பூசுவதற்கு வசதியாக எண்ணெய்களும் மென்மெழுகுகளும் கலந்தது. நண்பகலில் திறந்த வெளியில் நிற்கும் கறுப்புப் பானெட் 70 டிகிரியை எட்டக்கூடியது. அதனால் குளிர்நாட்டில் மாதக்கணக்கில் நிற்கும் மெழுகு இங்கே கோடையில் சில வாரங்களில் போய்விடுகிறது. எனக்கு அதன் பளபளப்பு பிடிக்கும், பூசும் வேலையும் பிடிக்கும். பாதுகாப்புக்காக என்றால் செயற்கைப் பாலிமர் சீலன்ட்டே என் தேர்வு. ஒருமுறை பூசினால் சில மாதங்கள் நிற்கிறது, தவறாகப் பூசினாலும் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம்.

செராமிக் நல்ல பொருள்தான். அதற்குச் சொல்லப்படும் கதைகள்தாம் நல்லவை அல்ல. சிலிக்கா சார்ந்த திரவம் பெயிண்ட்டின்மேல் இறுகி, ஒரு மைக்ரானை ஒட்டிய படலமாகிறது. நீர் வழுக்கி ஓடும், அழுக்கு எளிதில் கழலும், பறவை எச்சத்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். கல்லடியைத் தடுக்காது. '9ஹெச்' என்று விளம்பரத்தில் போடுவது பென்சில் கடினச் சோதனையின் அளவு. 9ஹெச் பென்சிலால் கீறல் விழவில்லை என்பது அதன் பொருள், கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஒன்பதாமிடம் என்பதன்று. தெருமண்ணில் இருக்கும் குவார்ட்ஸுக்குப் பென்சிலைப் பற்றிக் கவலை இல்லை. நீர்ப்புள்ளியும் செராமிக்கின்மேல் விழும். துளி உருண்டையாக நிற்பதால் காய்ந்தபின் உப்பு ஓரிடத்தில் செறிந்து, சில சமயம் வெறும் பெயிண்ட்டைவிட அசிங்கமாகத் தெரியும்.

வீட்டில் பூசலாம். இங்கேயுள்ள வெப்பத்திலும் ஈரத்திலும் அது விரைவாக இறுகுவதால் ஓரடி, ஒன்றரையடிப் பரப்பாகப் பூசி உடனே சமன்செய்து துடைக்க வேண்டும். விட்டுப்போன இடம் கறையாக இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஒரு நாளாவது நீர் படக்கூடாது. மழைக்காலத்தில் திறந்த பார்க்கிங்கில் இதைத் தொடங்குபவர் துணிச்சல்காரர்.

புதுக் கார் விற்கும்போதே சேர்த்துத் தலையில் கட்டப்படும் டெஃப்லான் பூச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டெஃப்லான் உருகிப் படிய 300 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். வாணலிக்கு அது நடக்கும், காருக்கு நடந்தால் கார் இருக்காது. அந்தப் பெயரில் பெரும்பாலும் பூசப்படுவது சாதாரண சீலன்ட். தீங்கில்லை, அந்த விலைக்குத் தகுதியும் இல்லை.

8 மே 2023

பறவை எச்சம் அமிலத்தால் மட்டும் கெடுப்பதில்லை. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயிண்ட் சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்துக்கேற்பவே இறுகி, அந்த இடம் மட்டும் மங்கிப்போகிறது. அதனால் மே மாதத்தில் சில மணி நேரமே போதும். காய்ந்ததைச் சுரண்டாமல், நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கள். காருக்குள் ஒரு சிறு தெளிப்புப் புட்டியும் இரண்டு துணியும் எப்போதும் வைத்திருக்கிறேன். அலுவலக வாசலில் நான் காருக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, காருக்குக் காய்ச்சலா என்று காவலாளி கேட்டார்.

25 ஜூன் 2023

மரநிழலா வெயிலா என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. வேம்பின் கீழ் நிறுத்துவதில் காகத்தைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் நிறுத்தினால் மாலையில் கண்ணாடி முழுவதும் பிசுபிசுப்பு. மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் மழைபோல் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சை படியும். இவையெல்லாம் அன்றே கழுவினால் வெதுவெதுப்பான நீரிலேயே போய்விடும். ஒரு வாரம் வெயிலில் வெந்தால் கிளே பார் வரை போக வேண்டும்.

கார் உறை இதற்குத் தீர்வு என்பவர்களிடம் நான் மாறுபடுகிறேன். தூசி படிந்த காரின்மேல் உறையை இழுத்துப் போடுவதும், காற்றில் அது படபடப்பதும் காலைத் துடைப்புக்குச் சமமான வேலையைச் செய்கின்றன. மாதக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் வண்டி, மூடிய கூரைக்குக் கீழே, கழுவிக் காயவைத்தபின் என்றால் உறை போடலாம்.

24 அக்டோபர் 2023

நேற்று ஆயுத பூஜை. இன்று வந்திருக்கும் கேள்விகளை முன்னரே எதிர்பார்த்தேன்.

சந்தனம் கறையாகாது, ஆனால் காய்ந்தபின் அது நுண்பொடி. வறண்ட துணியால் துடைத்தால் கோடு விழும். ஊறவைத்து எடுங்கள். மஞ்சள் கறை வெள்ளைக் காரில் பயமுறுத்தும், ஆனால் வெயில் பட்டால் சில நாட்களில் தானே வெளுத்துவிடும். அதைத் தேய்த்துப் போக்க முயல்வதே தவறு. குங்குமம் அப்படியல்ல, கடைக்குங்குமத்தின் சாயம் வெளுக்காமல் நிற்கக்கூடும். நான் பொட்டை முன்கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கிறேன். தெய்வக்குற்றம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. வாழைக்கன்றைக் கட்டுபவர்கள் வெட்டிய முனையைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிவிடுங்கள், வாழைக்கறை வேட்டிக்கே போகாதது. மாலையின் கம்பி பானெட்டில் உரசாமல் அடியில் ஒரு துணி. பூசணிக்காயைப் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து தள்ளி உடையுங்கள்.

10 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு பாலிஷைப் பற்றி எழுத மனம் வரவில்லை. ஆனாலும் சேற்றில் நின்ற கார்களை எப்படிக் கழுவுவது என்று பலர் கேட்டிருப்பதால் சுருக்கமாக.

நீர் கதவின் அடிவிளிம்புக்கு மேல் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள். பெயிண்ட் பிழைத்துக்கொள்ளும், எஞ்சின் பிழைக்காது. வெளியில் காய்ந்த வண்டல் மிக நுண்ணிய மணல். அதைக் கையால் தொடவே கூடாது. நீரை மேலிருந்து ஓடவிட்டு ஊறவைத்து, மறுபடி ஓடவிட்டு, நீர் தெளிவாக வடியும்வரை துணியை எடுக்காதீர்கள். இந்த ஒரு முறை மட்டும் குழாயைத் திறந்துவிடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் திறந்துவிடுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தித் தப்பித்தவர்கள், இடையே நெருக்கிப்போன வண்டிகளின் உரசல்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வண்டியின் பெயிண்ட் ஒட்டியது மட்டும் என்றால் காம்பவுண்ட்டில் போய்விடும்.

15 ஜனவரி 2024

நேற்றைய போகிப் புகையின் கரி எண்ணெய்ப்பசை உள்ளது. டயர் எரிக்கக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் என் கூரையில் அது படிகிறது. வறண்ட துணி வேண்டாம். ஷாம்பூ நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

10 மார்ச் 2024

ஆண்டுக்கொரு முறை பாலிஷ் தேவையா என்பதற்கு என் பதில், தேவையில்லை என்பதே. கழுவும் முறை சரியாக இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மென்பாலிஷ்கூட வேண்டியிருக்காது. சீலன்ட்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருங்கள். நூற்றுக்கு நூறு கோடில்லாத கறுப்புக் கார் காட்சிக்கூடத்தில்கூட இல்லை. ஓட்டுவதற்காக வாங்கிய வண்டியில் பத்துக்கு எட்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது கிளியர் கோட்டுக்கும் நல்லது, வீட்டில் உள்ளவர்களின் பொறுமைக்கும் நல்லது.

பழைய வெள்ளைக் காரில் பாலிஷ் செய்தபோது பேட் வெள்ளையாகிவிட்டது என்று ஒருவர் பதறியிருக்கிறார். சில கார்களில், குறிப்பாகப் பழையவற்றில், உலோகத்துகள் சேராத சாதாரண நிறங்களுக்குத் தனிக் கிளியர் கோட் இருப்பதில்லை, நிறமே மேலடுக்கு. அந்த வகையில் பேடில் நிறம் ஏறுவது இயல்பு. உலோக மினுக்கம் உள்ள காரில் பேடில் நிறம் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும், ஏனென்றால் அங்கே கிளியர் கோட் தீர்ந்துவிட்டது.

17 மார்ச் 2024

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: பழைய கார் வாங்கும் எண்ணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரு கதவு மட்டும் 250, 300 மைக்ரான் என்று காட்டினால் அது டிங்கர் பட்டறை பார்த்த கதவு. அதற்கும் மேலே போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பாலிஷுக்கு அதன் உதவி குறைவு, ஏனென்றால் எல்லா அடுக்குகளையும் சேர்த்தே அளக்கும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. பம்பரில் வைத்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அடியில் உலோகம் இருந்தால்தான் அது அளக்கும், பம்பர் பிளாஸ்டிக்.